எம்2 என்றால் இதயம், எம்3 என்றால் சுரப்பி: இது எதுவரை சரி?

கேள்வி இதுதான்: "எம்1 நரம்பு, எம்2 இதயம், எம்3 சுரப்பியும் மென்தசையும் என்று மருந்தியலில் படித்திருக்கிறோம். ஆனால் சிறுநீர்ப்பைத் தசையில் எம்2 தான் அதிகம் என்று ஓரிடத்தில் வாசித்தேன். அப்படியானால் அங்கே ஏன் எம்3 தடுப்பு மருந்து கொடுக்கிறார்கள்? ஒரு திசுவில் இருப்பது எந்த வகை என்று முதலில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?"

நீங்கள் மனப்பாடம் செய்த அட்டவணை தேர்வுக்கு முந்தைய இரவுக்கு உதவும். பிழையென்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் அது உறுப்பின் பெயரை ஏற்பியின் பெயரோடு ஒட்டிவைத்துவிடுகிறது. எம்1, எம்2, எம்3 எல்லாம் மஸ்கரினிக் ஏற்பியின் வகைகள். அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருள் வந்து ஒட்டும் செல் புரதங்கள் இவை. இவற்றை வகை பிரித்தவர்கள் உறுப்பைப் பார்த்துப் பிரிக்கவில்லை. எந்தத் தடுப்பு மருந்து எவ்வளவு இறுக்கமாகப் போய் உட்காருகிறது என்பதை அளந்து பிரித்தார்கள். அந்த இறுக்கத்துக்குத்தான் நாட்டம் என்று பெயர். இதைப் பிடித்துக்கொண்டால் உங்கள் மூன்று கேள்விக்கும் பதில் தானாக வரும்.

பெயரிலிருந்து தொடங்குகிறேன். சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி போட்ட காளானிலிருந்து 1869இல் ஷ்மீடபெர்க்கும் கோப்பெயும் மஸ்கரினைப் பிரித்தெடுத்தார்கள். தவளையின் இதயத்தை அது நிறுத்தியது. அட்ரோபின் விட்டதும் இதயம் மறுபடி துடித்தது. 1914இல் ஹென்றி டேல், அசிட்டைல்கோலினின் வேலைகளை மஸ்கரின் போன்றவை, நிக்கோட்டின் போன்றவை என்று இரண்டாகப் பிரித்தார். அதற்குப் பிறகு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் மஸ்கரினிக் ஏற்பி ஒன்றே ஒன்றுதான் என்ற எண்ணமே பரவலாக இருந்தது. காரணம் அட்ரோபின். அது எந்த உறுப்பில் வைத்து அளந்தாலும் ஏறத்தாழ ஒரே நாட்டத்தைக் காட்டும். ஊமத்தங்காயைத் தின்றுவிட்டு வருபவரைப் பார்த்திருந்தால் இது புரியும்: வாய் வறண்டிருக்கும், கண்பாவை விரிந்திருக்கும், நாடி ஓடும், சிறுநீர் கட்டிக்கொள்ளும், பேச்சு பிதற்றலாகும். ஊமத்தையில் இருக்கும் அட்ரோபின் குடும்பத்து ஆல்கலாய்டுகள், இன்று நமக்குத் தெரிந்த ஐந்து மஸ்கரினிக் வகைகளையும் ஒரே வீச்சில் அடைக்கின்றன. எல்லாப் பூட்டையும் திறக்கும் சாவியை வைத்துக்கொண்டு பூட்டுகள் வேறு வேறு என்று நிரூபிக்க முடியாது.

முதல் கீறல் 1951இல் விழுந்தது. அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தப் பயன்பட்ட கல்லமின், இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் பிடியைத் தளர்த்தியது. மற்ற உறுப்புகளின் மஸ்கரினிக் விளைவுகளை அந்த அளவுக்குத் தொடவில்லை. ரைக்கரும் வெஸ்கோவும் இதை எழுதினார்கள். பத்து ஆண்டு கழித்து, மெக்என்-ஏ-343 என்ற தூண்டி மருந்து பரிவு நரம்பு முடிச்சைக் கிளப்பி இரத்த அழுத்தத்தை ஏற்றியது. குடலையும் இதயத்தையும் அவ்வளவாகக் கிளப்பவில்லை. 1976இல் பார்லோவும் குழுவினரும் 4-டாம்ப் என்ற தடுப்பு மருந்து கினிப்பன்றியின் சிறுகுடலில் இதய மேலறையைவிட வலுவாகப் பிணைவதை அளந்து காட்டினார்கள். இவ்வளவு தடயம் கிடைத்தும் வகை பிரிப்பு உடனே நடக்கவில்லை. ஏன் என்பதற்கு அளக்கும் முறையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

தூண்டி மருந்தை வைத்து ஏற்பியை வகைப்படுத்துவது வழுக்குப் பாறையில் நடப்பது போன்றது. ஒரு திசுவில் தேவைக்கு மேல் ஏற்பிகள் இருந்தால் சோம்பேறித் தூண்டிகூட அங்கே வீரனாகத் தெரியும். ஏற்பி குறைவாக இருக்கும் திசுவில் அதே மருந்து செத்த பாம்பு. மெக்என்-ஏ-343 கதை அதுதான். அது நரம்பு முடிச்சில் மட்டும் வேலை செய்ததைப் பார்த்து எம்1க்கு உரிய மருந்து என்று வெகுகாலம் சொன்னார்கள். ஆனால் அதன் பிணைப்பை அளந்தால் வகைக்கு வகை பெரிய வேறுபாடு இல்லை. வேறுபட்டது பிணைந்த பிறகு நடக்கும் கிளர்ச்சியின் அளவுதான்.

தடுப்பு மருந்துக்கு இந்தக் கோளாறு இல்லை. அது தானாக ஒன்றும் செய்வதில்லை, இடத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறது. ஆகவே அதன் நாட்டம் ஏற்பியைப் பற்றிய செய்தி, திசுவைப் பற்றியதல்ல. அளக்கும் வழியை மருந்தியலாளர் ஷில்டு வகுத்தார். அருண்லக்ஷணாவோடு சேர்ந்து அவர் 1959இல் வெளியிட்ட வரைபட முறையைத்தான் இன்றும் மாணவர்கள் கோடு போட்டுப் பார்க்கிறார்கள். சூடான உப்புக் கரைசலில் குடல் துண்டைத் தொங்கவிட்டு, அசிட்டைல்கோலினோ அதைப் போலவே தூண்டும் கார்பகாலோ விட்டு எவ்வளவு சுருங்குகிறது என்று பார்ப்பது. பிறகு தடுப்பு மருந்தைக் கலந்துவிட்டு, அதே சுருக்கம் வர இப்போது எத்தனை மடங்கு தூண்டி வேண்டியிருக்கிறது என்று பார்ப்பது. சரியாக இரண்டு மடங்கு கேட்கும் தடுப்பு மருந்துச் செறிவின் எதிர்மறை மடக்கைதான் பிஏ2. எண் பெரிதானால் நாட்டம் அதிகம். 9 என்றால் 1 நானோமோலாரே போதும். 7 என்றால் 100 நானோமோலார் வேண்டும். கரி படிந்த தாளில் எழுதுமுள் கீறும் கோட்டை வைத்து இதைச் செய்து பழகிய தலைமுறை நான். தாளைத் தொட்டால் விரல் கறுக்கும், அன்றைய கணக்கும் அழியும்.

இப்போது பைரன்செபைனுக்கு வருவோம். குடற்புண்ணுக்காக ஐரோப்பாவில் வந்த மருந்து இது. இரைப்பையின் அமிலத்தைக் குறைத்தது. ஆனால் அட்ரோபினைப் போல இதயத்தை ஓடவிடவில்லை, கண்ணை மங்கவிடவில்லை. 1980இல் ஹாம்மர், லண்டனில் பர்கன், பெர்டுசால் குழுவினரோடு சேர்ந்து இதன் பிணைப்பை அளந்தார். கதிரியக்கக் குறியிட்ட தடுப்பு மருந்தை மூளைப் புறணித் திசுவில் ஒட்டவைத்து, பைரன்செபைனைச் சிறிது சிறிதாகக் கூட்டி அதை விரட்டிப் பார்த்தார்கள். அட்ரோபின் குறுகிய செறிவு எல்லைக்குள் எல்லாவற்றையும் சட்டென்று விரட்டிவிடும், கோடு செங்குத்தாக விழும். பைரன்செபைனின் கோடு சரிவாக, நீண்டு, இழுத்துக்கொண்டே போனது. ஒரே வகை இடம் மட்டும் இருந்தால் அப்படி இழுக்காது. இதயத் திசுவிலோ நாட்டம் குறைந்த இடங்கள் மட்டுமே தெரிந்தன. பைரன்செபைன் இறுகப் பிடிக்கும் இடத்துக்கு எம்1, தளர்வாகப் பிடிக்கும் இடத்துக்கு எம்2 என்ற பெயர்கள் நிலைத்தன.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பைரன்செபைனின் பிஏ2 மதிப்பு நரம்பு முடிச்சில் ஏறத்தாழ 8.3, குடலில் 6.8, இதய மேலறையில் 6.5. தொட்டியில் 1 மைக்ரோமோலார் கலந்தால் நரம்பு முடிச்சில் பழைய விளைவைப் பெற இருநூறு மடங்கு தூண்டி வேண்டும். குடலில் ஏழு மடங்கு. இதயத்தில் நான்கு மடங்கு. இருநூறுக்கும் ஏழுக்கும் உள்ள இடைவெளி யார் கண்ணுக்கும் படும். ஏழுக்கும் நான்குக்கும் உள்ளது சோதனைப் பிழைக்குள் மறைந்துவிடும். ஆகவே 1980களின் முதல் பாதியில் குடலும் இதயமும் சுரப்பியும் ஒரே "எம்2" கூடையில் கிடந்தன. பழைய ஆய்வுக் கட்டுரையில் சுரப்பியில் எம்2 என்று பார்த்துக் குழம்பி என்னிடம் வரும் மாணவர்களுக்கு முதலில் கட்டுரையின் ஆண்டைப் பார்க்கச் சொல்வேன். அந்த எம்2 இன்றைய எம்3 ஆக இருக்கலாம்.

அந்தக் கூடையை உடைத்தவை ஏஎஃப்-டிஎக்ஸ் 116, மெத்தாக்ட்ரமின் போன்ற மருந்துகள். அதே கணக்கை மெத்தாக்ட்ரமினுக்குப் போடுங்கள்: இதயத்தில் 8, குடலில் 6.5. தொட்டியில் 100 நானோமோலார் விட்டால் இதயத்தில் பதினோரு மடங்கு, குடலில் ஒன்றே கால் மடங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். 4-டாம்ப் நேர் எதிர்: குடலில் 9, இதயத்தில் 8. இரண்டு மருந்தும் எதிரெதிர்த் திசையில் சாய்வதால் சந்தேகத்துக்கு இடமில்லை. இதயத்தில் இருந்தது எம்2 என்றே நிலைத்தது, சுரப்பியிலும் மென்தசையிலும் இருந்தது எம்3 ஆனது.

இதற்குள் மரபணு ஆட்கள் வந்துவிட்டார்கள். 1986இல் கியோட்டோவில் நூமாவின் குழு பன்றி மூளையிலிருந்து முதல் மஸ்கரினிக் ஏற்பியின் மரபணுப் படியை எடுத்தது. 1987, 1988இல் பானரும் சகாக்களும் மற்றவற்றையும் எடுத்தார்கள். எண்ணிப் பார்த்தால் ஐந்து. மருந்தியலாளர்கள் கண்டிருந்ததோ மூன்று, நான்கு. அதனால் சில காலம் மரபணுவுக்கு ஆங்கிலச் சிறிய எழுத்து, மருந்துவழி கண்ட வகைக்குப் பெரிய எழுத்து என்று இரட்டைப் பெயர் ஓடியது. 1998இல் கால்ஃபீல்டும் பெர்டுசாலும் பன்னாட்டு மருந்தியல் சங்கத்துக்காக எழுதிய வகைப்பாடு, ஐந்துக்கும் எம்1 முதல் எம்5 வரை ஒரே பெயர் வரிசை கொடுத்து அந்தக் குழப்பத்தை ஓரளவு தீர்த்தது.

செல்லுக்குள் இவை செய்யும் வேலை இரண்டாகப் பிரிகிறது, நினைவில் வைக்கவும் எளிது. ஒற்றைப்படை எண்கள், அதாவது எம்1, எம்3, எம்5, ஜிக்யூ புரதத்தின் வழியே செல்லுக்குள் கால்சியத்தை உயர்த்துபவை. இரட்டைப்படையான எம்2வும் எம்4உம் ஜிஐ புரதத்தின் வழியே, செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பியைக் குறைப்பவை. இதயத்தில் பொட்டாசியம் கால்வாயைத் திறந்து துடிப்பை மெதுவாக்குவதும் எம்2 இந்த வழியில் செய்யும் வேலைதான். ஆனால் இது ஏற்பிக்குப் பிந்திய கதை. கால்சியம் ஏறியது என்று கண்டால் ஒற்றைப்படை என்று சொல்லலாம், எந்த ஒற்றைப்படை என்று சொல்ல முடியாது.

ஆக, ஒரு புதுத் திசு கைக்கு வந்தால் என்ன செய்வது? ஒரே ஒரு மருந்தை நம்பாதீர்கள். பைரன்செபைன் எம்1க்கு உரியது என்று பாடநூல் சொல்லும். எம்4இல் அதன் நாட்டம் எம்1ஐவிடச் சில மடங்குதான் குறைவு. மெத்தாக்ட்ரமின் எம்2வுக்கு உரியது என்பார்கள். எம்4ஐயும் அது நன்றாகவே பிடிக்கும். 4-டாம்ப் எம்3க்கு என்பார்கள். எம்1, எம்4, எம்5 மூன்றிலும் கிட்டத்தட்ட அதே இறுக்கம், எம்2வை மட்டும்தான் கொஞ்சம் ஒதுக்குகிறது. அதனால் மூன்று நான்கு மருந்துகளை வரிசையாக விட்டு, கிடைக்கும் எண்களின் வடிவத்தை, ஐந்து ஏற்பிகளையும் தனித்தனியாகச் செல்களில் வளர்த்து அளந்த எண்களோடு ஒத்துப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலிய மரப்பட்டை ஒன்றிலிருந்து கிடைத்த ஹிம்பசின் இதில் பெரிய உதவி. பைரன்செபைன் இறுக்கமாக, ஹிம்பசின் தளர்வாகப் பிடித்தால் எம்1. இரண்டும் நன்றாகப் பிடித்தால் எம்4. பைரன்செபைன் தளர்ந்து, ஹிம்பசினும் மெத்தாக்ட்ரமினும் இறுகினால் எம்2. அந்த மூன்றுமே தளர்ந்து 4-டாம்ப் மட்டும் இறுகினால் எம்3ஆக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் எம்5உம் ஏறத்தாழ அதே வடிவத்தைக் காட்டும். அதனால்தான் எம்5 நெடுங்காலம் தலைமறைவாகவே இருந்தது. ஆப்பிரிக்கப் பச்சை மாம்பா பாம்பின் நஞ்சில் எம்1ஐ மட்டும் பிடிக்கும் எம்டி7 என்ற புரதம் இருக்கிறது. நம் வேதியியலாளர்கள் பல பத்தாண்டு தேடியும் எட்டாத தனிப்பிடிப்பைப் பாம்பு தன் நஞ்சுப் பையிலேயே வைத்திருந்தது.

மனிதர்கள் ஏன் திணறினார்கள் என்பதை 2012இல் வெளிவந்த எம்2, எம்3 படிக அமைப்புகள் காட்டின. அசிட்டைல்கோலின் உட்காரும் குழி ஐந்து வகைகளிலும் ஏறத்தாழ அச்சடித்தது போல ஒன்று. எம்2விலும் எம்3இலும் அந்தக் குழியை ஒட்டிய வேறுபாடு ஒரே ஒரு அமினோ அமிலம்: எம்2வில் பினைல்அலனின் இருக்கும் இடத்தில் எம்3இல் லியூசின். ஐந்துக்கும் ஒரே அசிட்டைல்கோலின்தானே வந்து உட்கார வேண்டும். குழி எப்படி மாறும்? ஆனால் குழிக்கு மேலே, வாசல் திண்ணை போன்ற பகுதியில், வகைக்கு வகை வேறுபாடு நிறைய. 1951இல் கல்லமின் பிடித்தது அந்தத் திண்ணையைத்தான்.

இப்போது உங்கள் சிறுநீர்ப்பை. பிணைப்பை எண்ணினால் அங்கே எம்2வும் எம்3உம் ஏறத்தாழ எழுபதுக்கு முப்பது. சிறுகுடல் மென்தசையிலும் எம்2வின் பங்கே பெரிது. எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுத்தால் எம்2வைத் தடுக்கத் தோன்றும். ஆனால் தசைத் துண்டைச் சுருங்கவிட்டுத் தடுப்பு மருந்துகளால் அளந்தால் வரும் எண்கள் அச்சாக எம்3. அதாவது சுருக்குவது சிறுபான்மை. பிறகு எலியில் அந்த மரபணுவையே நீக்கிப் பார்த்தார்கள். எம்3 இல்லாத எலிகளின் சிறுநீர்ப்பைத் துண்டு கார்பகாலுக்கு ஏறத்தாழ அசையவே இல்லை, ஆண் எலிகளின் சிறுநீர்ப்பை ஊதிப் பெருத்திருந்தது, கண்பாவை விரிந்திருந்தது. சிறுகுடலில் மட்டும் ஓரளவு சுருக்கம் மிஞ்சியது. எம்2 இல்லாத எலிகளின் இதய மேலறையோ கார்பகால் விட்டும் துடிப்பைக் குறைக்கவே மறுத்தது. டேரிஃபெனசின் போன்ற எம்3 சார்ந்த மருந்துகளின் தர்க்கம் இதுதான். அவற்றிலும் வாய் வறளும், மலம் கட்டும். உமிழ்நீர்ச் சுரப்பியிலும் குடலிலும் இருப்பது அதே எம்3. வகை பிரித்துவிட்டால் பக்கவிளைவு போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். இதயம் படபடக்காது, அதுவே பெரிய இலாபம்.

அப்படியானால் பெரும்பான்மையாக இருக்கும் அந்த எம்2 என்ன செய்கிறது? எம்3ஐ மீள முடியாதபடி அடைத்துவிட்டுச் சோதித்தபோது, தசையைத் தளர்த்த முயலும் அட்ரினலின் வழிச் செய்தியை எம்2 வெட்டிவிடுவது தெரிந்தது. நேரடியாகச் சுருக்குவதில்லை, தளரவிடாமல் பார்த்துக்கொள்கிறது. மூச்சுக்குழாயில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. அங்கே நரம்பு முனையிலேயே எம்2 உட்கார்ந்து, அசிட்டைல்கோலின் போதும் என்று கடிவாளம் போடுகிறது. 1984இல் கினிப்பன்றிகளுக்கு எம்2வைத் தடுக்கும் கல்லமின் கொடுத்து வேகஸைத் தூண்டியபோது மூச்சுக்குழாய் குறைவாகச் சுருங்கவில்லை, கூடுதலாகச் சுருங்கியது. கடிவாளம் அறுந்ததால் அசிட்டைல்கோலின் கொட்டியது. ஆகவே நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கான மருந்து எம்3ஐப் பிடித்து, எம்2வை விட்டுவிடுவது நல்லது.

அந்த நோய்க்கு மூச்சோடு இழுக்கும் மருந்தான டயோட்ரோபியம் அதைச் செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. நாட்டத்தை அளந்தால் எம்2வுக்கும் எம்3க்கும் பெரிய வேறுபாடு இல்லை, தனிப்பிடிப்பு இல்லாத மருந்து என்றுதான் எழுத வேண்டியிருக்கும். ஆனால் விலகும் நேரத்தை அளந்தார்கள். எம்2விலிருந்து அதில் பாதி விலக நான்கு மணி நேரம்கூட ஆகவில்லை. எம்3இலிருந்து பாதி விலக ஏறத்தாழ 35 மணி நேரம். நாளுக்கு ஒரு முறை இழுத்தால் போதும் என்பதற்கும் இதுவே காரணம். பிஏ2 எண்ணில் இந்தச் செய்தி வராது.

உங்கள் அட்டவணையில் ஒரு திருத்தம் மட்டும் செய்துகொள்ளுங்கள்: உறுப்பின் பெயருக்கு எதிரே ஏற்பியின் பெயரை எழுதாதீர்கள், வேலையின் பெயருக்கு எதிரே எழுதுங்கள். சிறுநீர்ப்பை என்று எழுதி எம்3 போடுவதைவிட, சிறுநீர்ப்பை சுருங்குவது எம்3, தளர்வு தடைபடுவது எம்2 என்று இரண்டு வரியாக எழுதலாம். இன்னொன்று: ஆய்வுக் கட்டுரையில் எதிர்ப்பொருள் சாயம் போட்டு இந்தத் திசுவில் இந்த வகை இருக்கிறது என்று படம் போட்டிருந்தால் சற்று நின்று பாருங்கள். விற்பனையில் இருந்த பல எதிர்ப்பொருள்களை மரபணு நீக்கிய எலிகளின் திசுவில் சோதித்தபோது, ஏற்பியே இல்லாத இடத்திலும் அதே சாயம் அழகாகப் பிடித்தது.

கடைசியாக, எம்1, எம்4 பக்கம் இப்போது நடப்பது. வெற்றிலையோடு போடும் பாக்கில் உள்ள அரிகோலின் ஒரு மஸ்கரினிக் தூண்டி. வாயில் எச்சில் ஊறுவதிலும், பழக்கமில்லாதவருக்கு வியர்த்துக் கொட்டுவதிலும் அதற்குப் பங்கு உண்டு. அதன் வளைய அமைப்பை ஆதாரமாக வைத்து ஸனோமெலின் என்ற மருந்தை உருவாக்கினார்கள். (இதைச் சொன்னதும் பாக்கு மூளைக்கு நல்லதா என்று கேட்பவர்கள் உண்டு. பாக்கு வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும், அங்கேயே நிறுத்துங்கள்.) ஸனோமெலின் ஐந்து வகையையும் ஏறத்தாழ ஒரே இறுக்கத்தோடு பிடிக்கிறது, ஆனால் எம்1ஐயும் எம்4ஐயும்தான் அதிகம் கிளப்புகிறது. 1990களில் அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுத்தபோது மனப்பிரமைகள் குறைந்தன. வயிற்றுக் குமட்டலும் வாந்தியும் தாங்காமல் பலர் பாதியில் விலகினார்கள். மருந்து அலமாரிக்குப் போனது. பிறகு ஒருவர் யோசித்தது எளிய விஷயம்: டிராஸ்பியம் என்ற பழைய சிறுநீர்ப்பை மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் என்ன? மின்னூட்டம் உள்ள மூலக்கூறு என்பதால் அது மூளைக்குள் ஏறத்தாழ நுழைவதே இல்லை. வகை பார்க்காமல் உடம்பெங்கும் மஸ்கரினிக் ஏற்பிகளை அடைக்கும், மூளையை மட்டும் ஸனோமெலினுக்கு விட்டுவிடும். 2024 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்தக் கூட்டு மருந்தை மனச்சிதைவு நோய்க்கு அனுமதித்தது.